கலயத்துக்கும் ஓர் அறை

பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் திராட்சை மதுவின் வரலாற்றைக் காட்டவென்றே 2016இல் ஒரு பெரிய கூடம் திறந்தார்கள். "நமக்கு எதற்கப்பா அது?" என்று விடுதி நண்பர்கள் சிரித்தனர். நமக்குத்தான் வேண்டும் என்கிறேன் நான்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்தோடுதான் இருந்தன. கள் வருவாய் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி பிறந்தது. குடிக்காதவனும் அன்று முதல் வரி கட்டுகிறான்!

எங்கள் கொள்ளுத்தாத்தா பனையேறி. மரம் மூடிய பிறகு கல்லுடைக்கப் போனார் என்று பாட்டி சொல்லும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். நொதித்தல் பாடத்தை நான் வேதியியல் வகுப்பில் படித்தேன். அவர் மரத்தின் மேல் படித்தார். அவருடைய பாளைக்கத்தி எங்கள் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்குப் பக்கத்தில் அந்தக் கத்திக்கும் கலயத்துக்கும் ஓர் அறை தரலாகாதா? போர்தோவைப் போல் பெருமை மட்டும் பேசும் அறை வேண்டாம். காலிப் புட்டியும் அங்கே இருக்கட்டும். என் தந்தை குடித்ததால், என் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மா தோட்டை அடகு வைத்தார். அந்தச் சீட்டை நானே கொண்டுவந்து தருகிறேன்.