எந்த ஊர் அந்த 'ஓரிரு இடங்கள்'?

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். வானிலை என்றாலே கொட்டாவி வருபவர்கள் கடைசி ரெண்டு பத்தியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் கிளாஸில் பாதிப் பேருக்கு அமெரிக்காவில் இருக்கும் பஃபலோ நகரத்துக் குளிர் அத்துப்படி. 'ஆர்க்டிக் குளிர் இறங்குகிறது' என்று ஒரு வீடியோ வந்தால் போதும், கேன்டீனில் நாலு தலை ஒரு போனுக்குள் போய்விடும். கனடாவிலிருந்து கிளம்பிய குளிர்க்காற்று எந்த மாநிலத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்றுகூடச் சொல்வார்கள். சரி மக்களே, நாளைக் காலை ஆறு மணிக்குத் தொப்பூர் கணவாயில் ஐம்பது மீட்டர் தள்ளிப் போகும் லாரி கண்ணுக்குத் தெரியுமா? ஒருத்தருக்கும் தெரியாது. அது நம்ம தப்பு இல்லை. அதைச் சொல்லும் ஏற்பாடே இங்கே கிடையாது. என் கோபம் அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த ஊர்க் கதையைப் பார்ப்போம். ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வரும் கனமான குளிர்க்காற்று, முன்னால் இருக்கும் வெதுவெதுப்பான காற்றைத் தூக்கி எறிந்துகொண்டே நகரும். அந்த முகப்பை ஒட்டிச் சில சமயம் திடீரென்று ஒரு பனிச்சூறை அடிக்கும். அரைமணி, ஒரு மணி நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் ரோட்டில் போகிறவனுக்குக் கண் கட்டிவிட்டது மாதிரி. நல்ல வெயிலில் நூறில் வந்துகொண்டிருந்தவன் அப்படியே வெள்ளைச் சுவருக்குள் நுழைவான், முன்னால் நிற்பவன் மேல் ஏறுவான். இப்படி அடுக்கடுக்காகச் செத்த பிறகு, 2018இல் அமெரிக்காவின் தேசிய வானிலை சேவை இதற்கென்றே தனி எச்சரிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ அல்ல. மேப்பில் ஒரு கட்டம் வரைவார்கள். அந்தக் கட்டத்துக்குள் வரும் நெடுஞ்சாலை எது, எத்தனை மணி வரை ஆபத்து என்று சொல்வார்கள். மோசமானதாக இருந்தால் கட்டத்துக்குள் இருப்பவன் போன் அலறும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். இங்கே ஆர்க்டிக் காற்றும் இல்லை, பனிச்சூறையும் இல்லை. தமிழில் நமக்குப் 'பனி' என்று ஒரே வார்த்தைதான். புல் நுனியில் நிற்பதும் பனி, பஃபலோவில் கொட்டுவதும் பனி, கணவாயை மூடுவதும் பனி. ஆனால் லாரி டிரைவருக்கு மூன்றாவது பனிதான் எமன். வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன மண், மேகமில்லாத ராத்திரி, ரெண்டு பக்கமும் மலை. தரை சீக்கிரம் குளிர்ந்து, கனமான குளிர்க்காற்று பள்ளத்தில் தேங்கி, விடியும்போது வெள்ளையாக நிற்கிறது. மழை நாளில் தாழ்ந்த மேகமே ரோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தொப்பூரில் அது கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு டிரைவர் மடியில் உட்காரும்.

பார்வைத் தூரம் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி. இருநூறுக்குக் கீழே அடர்ந்த மூடுபனி. ஐம்பதுக்குக் கீழே மிக அடர்ந்தது. இதெல்லாம் இந்திய வானிலை ஆய்வு மையமே வைத்திருக்கும் கணக்கு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஐம்பது மீட்டரைக் கடக்க மூன்று விநாடி. தருமபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும் சரிவில், முழு லோடு லாரி மூன்று விநாடியில் நிற்குமா? மெக்கானிக்கல் மக்களே, நீங்களே சொல்லுங்கள்.

இத்தனைக்கும் இந்தச் சரிவு ஆளைக் கொல்லப் பனிகூடத் தேவையில்லை. 2020 டிசம்பர் 12 அன்று, தேங்கி நின்ற வண்டிகள் மேல் ஒரு லாரி ஏறி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து மறுபடியும் நான்கு பேர். பட்டப்பகலில் வண்டி தெளிவாகத் தெரியும்போதே கதை இது. அதே சரிவில் கண்ணையும் கட்டிவிட்டால்?

சரி, நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை எப்படி இருக்கிறது? எல்லாருக்கும் மனப்பாடம்: "தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்..." அப்புறம், "அதிகாலை வேளையில் லேசான பனிமூட்டம் காணப்படும்." எந்த ஊர் அய்யா அந்த ஓரிரு இடங்கள்? வானிலைக்காரர்கள் மொழியில் அதற்குக் கறாரான அர்த்தம் உண்டு. மாவட்டத்தில் இருக்கும் அளவு நிலையங்களில் கால் பங்கு வரை என்று பொருள். மழைக் கணக்கு எழுத அது போதும். வண்டி ஓட்டுகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது? 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று வரும் அறிவிப்பும் மாவட்டப் பெயரோடு நின்றுவிடுகிறது. மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. கலெக்டர் ஆபீஸுக்குத்தான் தெரியும்.

ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கரையேறினால் கதை முடிந்தது என்று உள்மாவட்டத்தில் இருக்கும் நாம் வழக்கம்போல் இருந்தோம். டிசம்பர் 2 காலையில் கணக்கெடுத்தால், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ., நம்ம அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்திருந்த வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை வீடியோவில் பார்த்தோம். அதே அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி தென்பெண்ணையில் இறங்கியது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு, எச்சரிக்கவே இல்லை என்றன எதிர்க்கட்சிகள். இந்தச் சண்டையில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இங்கே எச்சரிக்கை என்றால் ஃபைலில் 'சொல்லியாச்சு' என்று எழுதுவது. தண்ணீர் வருகிற வீட்டுக்காரன் காதில் விழுந்ததா என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ரேடார் இருக்கிறதே என்பீர்கள். சென்னை ரேடாருக்கும் தொப்பூருக்கும் இடையே 250 கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டை என்பதால், அங்கிருந்து கிளம்பும் கதிர் நம்ம தலைக்கு மேல் வரும்போது நான்கைந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பெரிய இடிமேகத்தின் மண்டை தெரியும். தரையோடு படுத்திருக்கும் பனிமூட்டம் தெரியவே தெரியாது. இதற்கு ரோட்டோரத்திலேயே பார்வைத் தூரம் அளக்கும் கருவி வைக்க வேண்டும். அது ஒன்றும் செவ்வாய் கிரகத்துச் சமாச்சாரம் இல்லை. விமான நிலையங்களில் ஓடுபாதை ஓரத்திலேயே இருக்கிறது. டெல்லி விமான நிலையத்துப் பனிமூட்டத்தை ஆராயவே 2015இல் தனித் திட்டம் தொடங்கினார்கள். தப்பில்லை. ஆனால் விமானம் இறங்கும் இடத்துக்கு இருக்கும் அக்கறையில் காலே அரைக்கால் பங்கு, லாரி இறங்கும் இடத்துக்கு வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தொப்பூர் வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகர். அங்கே ராம்பன், பனிஹால் பக்கம் பனி கொட்டினாலோ மண் சரிந்தாலோ போலீஸ் வண்டியை நிறுத்துகிறது. இன்றைக்கு லாரிகள் எந்தத் திசையில் போகலாம் என்று தினமும் அறிவிப்பு வருகிறது. உத்தரப்பிரதேசத்து யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் குளிர்காலம் வந்தால் கார்களின் வேக வரம்பை நூறிலிருந்து எழுபத்தைந்துக்கு இறக்குகிறார்கள். ஆக, இந்த நாட்டுக்கு இது தெரியாத வித்தையே இல்லை. நம்ம கணவாயில் மட்டும் சித்திரை வெயிலுக்கும் மார்கழி மூட்டத்துக்கும் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரே போர்டு.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறார்கள், அவர்களைத் திருத்து" என்பார்கள். திருத்துங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒழுங்காக கியரில் இறங்குபவனுக்கும் மூடுபனியில் கண் தெரியாது.

"எச்சரித்தால் மட்டும் கேட்கிறார்களா?" நியாயமான கேள்விதான். 2022 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவில் எச்சரிக்கை கொடுத்த பிறகும் சுமார் 80 வண்டிகள் மோதி 6 பேர் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் பஃபலோவில் பனிப்புயலைப் பல நாள் முன்பே கணித்திருந்தார்கள். ஆனால் வண்டி ஓட்டத் தடை, புயல் தொடங்கிவிட்ட காலையில்தான் வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதிலிருந்து எச்சரிக்கை வீண் என்று முடிவுக்கு வருவது சோம்பேறித்தனம். எச்சரிக்கையோடு வண்டியை நிறுத்தும் கையும் சேர்ந்து வர வேண்டும் என்பதுதான் பாடம்.

"அதான் 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலைத் திட்டம் இருக்கிறதே?" வரட்டும், சந்தோஷம். சரிவு குறையும். பாலம் கட்டினால் பனி அடியில் புகுந்து போய்விடுமா என்ன :-)

சும்மா திட்டிவிட்டுப் போகக் கூடாது என்பதால் என் கோரிக்கைகள். ஒன்று, பாளையம் டோல்கேட், கட்டமேடு, இரட்டைப் பாலம் மூன்று இடத்திலும் பார்வைத் தூரக் கருவியும், அதைப் பார்த்து வேக வரம்பை மாற்றும் மின்பலகையும். இரண்டு, 2023 அக்டோபரில் சோதனைக்காக நம்ம எல்லார் போனையும் ஒரே நேரத்தில் அலறவிட்டார்களே, அதே வசதியில் கணவாய் டவர்களுக்கு மட்டும் செய்தி. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கிலும். லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள் இல்லை. மூன்று, பார்வைத் தூரம் இருநூறுக்குக் கீழே போனால் கனரக வண்டிகளை டோல்கேட்டிலேயே நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். டோல்கேட்டைத் தொடாமல் ஒரு லாரியும் கணவாய்க்குள் இறங்க முடியாது. காசு வாங்க ஒவ்வொரு வண்டியையும் அங்கே அடையாளம் காண முடிகிறது. பத்து நிமிடம் பொறுத்துப் போ என்று சொல்ல மட்டும் ஏன் முடியவில்லை? வானிலை மையத்தைக் கேட்டால் ரோடு எங்களுடையது இல்லை என்பார்கள், ரோட்டுக்காரர்களைக் கேட்டால் வானிலை எங்கள் வேலை இல்லை என்பார்கள். அடுத்த மார்கழிக்குள் இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, 'ஓரிரு இடங்களில்' என்பதை அடித்துவிட்டுத் 'தொப்பூர் கணவாய், காலை ஐந்து முதல் எட்டு வரை' என்று எழுதட்டும்.