வாடகை வளவுக்குள் கிணறு வெட்டுவதா?

கிட்ஹப்பா, கிட்லாபா, பிட்பக்கெட்டா? மேவனா, கிரேடிலா? ஜென்கின்ஸ் பழசாகிப் போச்சா? இந்த மாதிரி ஒப்பீட்டு அட்டவணைகள் எங்கட வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும். ஒரு பக்கம் பச்சைச் சரி, மறுபக்கம் சிவப்புப் பிழை. கீழே "எது பெஸ்ட் மச்சான்?" என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே நாற்பது பதில். அந்த அட்டவணைகளில் ஒரு வரியை மட்டும் நாங்கள் கண்டதேயில்லை: நாளைக்கு அவன் கதவை மூடினால் நீ எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாய்? எங்களுக்கு அந்த ஒரு வரி காணும். மிச்சமெல்லாம் அவரவர் விருப்பம்.

இதில் இரண்டு விசயம் கலந்து கிடக்கு. ஒன்று, கோட் இருக்கிற இடம். மற்றது, அந்தக் கோடை எடுத்து, தேவையான லைப்ரரிகளை இறக்கி, கொம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, ஓடக்கூடிய பொருளாகக் கட்டித் தருகிற கருவி. முந்தி இரண்டும் வேறு வேறு ஆட்களின் கையில் இருந்தன. 2019 நவம்பரில் கிட்ஹப் அக்ஷன்ஸ் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, வீட்டுக்காரனே மேசனாகவும் ஆகிவிட்டான். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வசதிக்கு என்ன விலை என்பதைக் கதைக்க வேண்டும்.

ஜென்கின்ஸின் கதையை எங்கட வயசில் கனபேர் கேட்டிருக்க மாட்டினம். அதற்கு முதலில் இருந்த பெயர் ஹட்சன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை செய்த கோசுகே கவாகுச்சி தொடங்கியது. யாராவது கோடை மாற்றினால் உடனே எடுத்து பில்ட் பண்ணும், உடைந்தால் சொல்லும். 2010 தொடக்கத்தில் சன்னை ஒராக்கிள் வாங்கியது. அந்த வருசக் கடைசியில், ஹட்சனின் கோட் இருந்த ஜாவா.நெட் தளத்தை ஒராக்கிள் வேறு கட்டமைப்புக்கு மாற்றியபோது, டெவலப்பர்மாரால் தாங்கள் எழுதின கோடுக்குக் கிட்டப் போக முடியவில்லை. கிட்ஹப்புக்குப் போவோம் என்று அவர்கள் முடிவெடுக்க, ஒராக்கிள் குறுக்கே வந்தது; ஹட்சன் என்ற பெயருக்குத் தான்தான் சொந்தக்காரன் என்றது. 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. பெயரை ஒராக்கிளிடமே விட்டுவிட்டு, கோடைத் தூக்கிக்கொண்டு ஜென்கின்ஸ் என்று புதுப்பெயர் வைத்து வெளிக்கிட்டார்கள். ஜென்கின்ஸ் இன்றைக்கும் ஓடுது. ஹட்சனை ஒராக்கிள் எக்லிப்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அங்கே அது மெல்ல மெல்லச் செத்துப் போனது.

அந்தக் கதையில் கிட்ஹப் தப்பிப் போகிற வாசல். 2018 இல் அதே வாசலை மைக்ரோசொஃப்ட் 750 கோடி டொலருக்கு வாங்கியது.

கிட்ஹப் இவ்வளவு பெரிசு, எங்கே போகப் போகுது என்று கேட்பவர்களுக்கு: கூகிளும் பெரிசுதான். கூகிள் கோட் தளத்தை மூடப்போகிறோம் என்று 2015 மார்ச்சில் அறிவித்து, 2016 ஜனவரியில் மூடியது. பிட்பக்கெட் தொடக்கத்தில் மெர்குரியலுக்கென்றே வந்த தளம். 2020 இல் அந்த மெர்குரியலையே கைவிட்டது. சோர்ஸ்ஃபோர்ஜ் மூடப்படவில்லை, அதைவிடக் கேவலமாகப் போனது. 2015 இல் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் இன்ஸ்டோலருக்குள் விளம்பரச் சாமான்களைச் சேர்த்துக் கொடுத்து மாட்டுப்பட்டது. 2019 இல் அமெரிக்கத் தடைகளைக் காட்டி ஈரான், சிரியா, கிரைமியாவில் இருந்தவர்களின் கணக்குகளை கிட்ஹப் கட்டுப்படுத்தியது. அவர்கள் எழுதின கோடில் ஒரு பிழையும் இல்லை. இருந்த இடம்தான் பிழை. (ஈரானுக்கான அனுமதி 2021 இல் கிடைத்தது.)

பில்ட் பக்கம் பார்த்தால் இன்னும் மோசம். ஒரு காலத்தில் திறந்த மூலத் திட்டமென்றால் கேள்வி கேட்காமல் ட்ராவிஸ் சிஐதான். 2020 நவம்பரில் அவர்கள் இலவசத்துக்குக் கடிவாளம் போட்டார்கள், 2021 இல் பழைய தளத்தை மூடினார்கள். கிட்லாப் 2020 ஒக்டோபரில் மாதம் 2000 இலவச நிமிடத்தை 400 ஆக்கியது. அடுத்த வருசம் மே மாதம், கிரிப்டோ நாணயம் தோண்டுகிற ஆட்களின் தொல்லை தாங்காமல், புதிதாகச் சேருகிற இலவசப் பாவனையாளர்கள் கடன் அட்டையோ டெபிட் அட்டையோ காட்ட வேண்டும் என்றது. கள்ளனுக்குப் போட்ட வேலி, சரி. ஆனால் ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருந்து பழகுகிற தங்கச்சியிடம் எந்த அட்டை இருக்கு? காசு வெட்டமாட்டோம், சும்மா சரிபார்க்கத்தான் என்பது கலிபோர்னியாவில் இருப்பவனுக்கு ஒரு நிமிட வேலை. இங்கே அது அப்பாவிடம் போய் நின்று, இது மோசடி இல்லை என்று விளங்கப்படுத்துகிற வேலை.

அன்ட்ரொய்ட் பழகியவர்களுக்கு ஜேசென்டர் ஞாபகம் இருக்கும். கிரேடில் கோப்பில் ஒற்றை வரி, எல்லா லைப்ரரியும் அங்கிருந்துதான் இறங்கும். 2021 பெப்ரவரியில் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. யூடியூப் பாடங்களில் இப்பவும் அந்த வரி கிடக்கு. பார்த்து எழுதுகிற பிள்ளைகள் ஏன் வேலை செய்யவில்லை என்று முழிக்கிறார்கள்.

எங்கட வாதம் இலவசத்துக்கு எதிரானதில்லை. இலவசத்தைப் பாவிக்கத்தான் வேணும். டொலர் கட்ட எங்களிடம் காசில்லை. கோபம் வேறு இடத்தில். கிட் என்கிற கருவியே, லினக்ஸ் கேர்னல்காரர்களுக்குக் கொடுத்திருந்த இலவச உரிமத்தை பிட்கீப்பர் திருப்பி எடுத்தபிறகு, 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. இன்னொருவனின் தயவில் இருக்கக்கூடாது என்றுதான் ஒவ்வொரு கொப்பியிலும் முழு வரலாறும் வருகிற மாதிரி அது இருக்குது. அப்படிப்பட்ட கருவியை எடுத்து, அதன் மேலே திரும்பவும் ஒரே கொம்பனியின் பூட்டைப் போடுகிறோம்.

பூட்டு எங்கே இருக்கு? கோடில் இல்லை, அது எப்படியும் உங்கட லப்டொப்பில் இருக்கும். இஷ்யூக்களும் புல் ரிக்குவெஸ்டுக்குக் கீழே நடந்த வாக்குவாதங்களும் கிட்டோடு வராது. அதைவிட இறுக்கமான பூட்டு அந்த யாமல் கோப்பு. யாரோ எழுதின அக்ஷனைக் கூப்பிடு, அதன் விடையை இன்னொரு அக்ஷனுக்குக் கொடு என்று இருபது படி. கிட்ஹப்புக்கு வெளியே அதற்கு அர்த்தமே இல்லை. கடைசியில் புரொஜெக்டை எப்படி பில்ட் பண்ணுவது என்று எழுதின ஆளுக்கே தெரியாது. புஷ் பண்ணினால் பச்சை வரும், அவ்வளவுதான். 2025 மார்ச்சில் டிஜே-அக்ஷன்ஸ் என்ற பெயரில் இருந்த அப்படியான ஒரு அக்ஷனுக்குள் யாரோ புகுந்து, பழைய பதிப்பு எண்களையே கெட்ட கோடுக்குத் திருப்பிவிட்டார்கள். 23,000 க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பாவித்துக்கொண்டிருந்தன. கடவுச்சொற்களும் சாவிகளும் பில்ட் லொக்கில் வந்து கொட்டுகிற மாதிரிச் செய்திருந்தார்கள்.

வாடகை வளவு தப்பில்லை. அதுக்குள்ள கிணறு வெட்டுறதுதான் விசர் வேலை.

அதனால் நாங்கள் சொல்வது: பில்ட் செய்கிற முறையை ரெப்போவுக்குள்ளேயே, உங்கட லப்டொப்பில் ஓடுகிற மாதிரி எழுதுங்கள். மேக் போதும். 1976 இல் பெல் லாப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினது, இப்பவும் லினக்ஸில் ஒரு கட்டளையில் வந்துவிடும். டப் அடிக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் அடித்தால் கத்தும், அந்தக் கரைச்சலை நாங்களும் திட்டுகிறோம். ஜாவா என்றால் மேவனோ கிரேடிலோ, எதுவென்றாலும் சரி, ராப்பர் கோப்புகளையும் சேர்த்துக் கொமிட் பண்ணுங்கள். பிறகு யாமலுக்குள் ஒரு வரிதான் இருக்க வேணும்: மேக் டெஸ்ட். நாளைக்கு கிட்லாபுக்கோ, பெர்லினில் இருக்கிற இலாபநோக்கற்ற கோட்பேர்க்குக்கோ போனால், மாற்றவேண்டியது அந்தச் சின்ன யாமல் மட்டும்தான்.

கொம்பனிக்காரர் நேர்முகத்துக்கு முதல் கிட்ஹப் லிங்க்தானே கேட்கினம் என்பார்கள். உண்மை. கொடுங்கள். கிட்டில் ஒரே ரிமோட்டுக்கு இரண்டு புஷ் முகவரி போடலாம். ஒரு புஷ்ஷில் இரண்டு இடத்துக்கும் போகும். கிட்ஹப்பைக் கண்ணாடி அலுமாரி ஆக்குங்கள், களஞ்சியமாக வேண்டாம்.

பல்கலைக்கழக லாபில் சும்மா கிடக்கிற ஒரு பழைய கணினியில் ஃபோர்ஜெஜோ ஓடும்; சின்ன ராஸ்பெர்ரி பையே அதற்குக் காணும். கிட்லாபைச் சொந்தமாக நிறுவினால் பல ஜிபி ராம் கேட்கும், அதற்குப் போக வேண்டாம். கரண்ட் போனால் அந்தக் கணினியும் படுக்கும், பொய் சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினபோது ரவுட்டரும் படுத்தது, தொலைபேசிக் கோபுரங்களும் தடுமாறின. அந்த இருட்டிலும் வேலை செய்ய வழி இருந்தது, பட்டரியில் ஓடுகிற லப்டொப்பில் தன் பில்டைத் தானே ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டும்.

இறுதியாண்டு புரொஜெக்ட் கொடுக்கப் போகிறவர்கள் இந்தக் கிழமையே ஒன்று செய்து பாருங்கள். நண்பரின் லப்டொப்பை வாங்கி, ரெப்போவை குளோன் பண்ணி, லைப்ரரிகளை ஒருமுறை இறக்கிவிட்டு, வைஃபையை நிற்பாட்டுங்கள். பிறகு ஒரே கட்டளையில் பில்ட் வருதா என்று பாருங்கள். வராவிட்டால், எந்தத் தளம் பெஸ்ட் என்ற கேள்வியைக் குழுவில் போட முதல், அதைச் சரிக்கட்டுங்கள்.