சுவர் இருக்கிறது, சித்திரம் யாருடையது?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பெரியவர்கள் உடம்பைப் பேணுவதற்காகச் சொல்லி வைத்தார்கள். எனக்கோ அது பிழைப்பு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மும்பையில் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதி வந்தவன் நான். கலைக்கல்லூரியில் படித்தவன் அல்ல. ஃபிளெக்ஸ் வந்து எங்கள் தொழிலை விழுங்கிய பிறகு, கையில் மிச்சமிருந்தது தூரிகையும் சாரத்தில் ஏறும் துணிச்சலும்தான்.

கடந்த ஓராண்டில் தாராவியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நான்கு பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டினோம். அந்த அனுபவத்தை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். அனுபவத்தோடு ஓர் அபிப்பிராயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். ஐந்தாவது சுவரில் என்ன வரைவது என்று செயற்குழு விரைவில் முடிவு செய்யவிருக்கிறது. கோபுரம், வள்ளுவர், பரதநாட்டியப் பெண், ஜல்லிக்கட்டுக் காளை என்று ஒரு பட்டியல் பேச்சில் இருப்பதாக அறிகிறேன். இவற்றில் எதன் மீதும் எனக்குப் பகை இல்லை. நல்ல கூலி கொடுத்தால் நாலையும் ஒரே சுவரில் எழுதித் தருவேன். ஆனால் அந்தச் சுவரில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தச் சந்தில் குடியிருப்பவர்கள் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது என்பதே என் தாழ்மையான கருத்து.

முதல் சுவர் ஒரு பள்ளிக்கூடத்தின் மதில். பணம் கொடுத்தவர்கள் படத்தையும் கொடுத்தார்கள்; எல்லாம் காலண்டரில் பார்த்த படங்கள். திறப்பு விழா தேதியையும் அவர்களே குறித்துவிட்டார்கள். விழாவுக்கு மைக் செட், பொன்னாடைகள், வந்தவர்களின் முகங்களோடு ஒரு பெரிய ஃபிளெக்ஸ். அந்த ஃபிளெக்ஸை எங்கே கட்டினார்கள் என்கிறீர்கள்? பாதிச் சுவரை மறைத்துத்தான். கோபுரத்தின் கலசம் மட்டும் மேலே எட்டிப் பார்த்தது. மூன்று மாதத்தில் பரதநாட்டியப் பெண்ணின் காலடியில் வெற்றிலைச் சாறு. காளையின் மீது டியூஷன் சென்டர் போஸ்டர். துப்பாமலிருக்க மும்பையில் ஒரு பழைய வைத்தியம் உண்டு, தெரிந்ததுதானே: எல்லா மதத்துச் சாமி படங்களையும் போட்ட டைல்ஸை வரிசையாகப் பதித்துவிடுவார்கள். அதையும் ஒருவர் யோசனையாகச் சொன்னார். சாமிக்குக் காவல் வேலை கொடுப்பதற்கு நமக்கு என்ன அதிகாரம்?

இரண்டாவது சுவர், தமிழர்களும் மராத்தியர்களும் கலந்து வாழும் ஒரு சந்தில் 40 அடி நீளம். அங்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தூரிகையையே எடுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாசல் வாசலாக உட்கார்ந்து, “உங்கள் சுவரில் என்ன வேண்டும்?” என்று கேட்டோம். ஆரம்பத்தில் எல்லாரும் கோபுரத்தைத்தான் சொன்னார்கள். விருந்தாளிக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்கிற மரியாதை நமக்கு அதிகம். டீ குடித்து முடிந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தை ஏற்றி ஹாரனை அமுக்கிக்கொண்டு போகும் அண்ணாச்சி வேண்டும். குழாயடியில் குட வரிசை வேண்டும். தோல் ஷாப்பில் குனிந்து தைக்கிற அப்பா வேண்டும். டிரங்குப் பெட்டியோடு வி.டி. ஸ்டேஷனில் இறங்கித் திருதிருவென்று விழிக்கிற பதினாறு வயதுப் பையன் வேண்டும். அதைச் சொன்ன பெரியவர், அந்தப் பையன் தானேதான் என்று பிறகு சொன்னார். ஒரு சிறுவன் செல்போன் வேண்டும் என்றான். அதையும் வரைந்தோம், இட்லி அண்ணாச்சியின் சட்டைப் பையில்.

அந்தச் சுவரில் இதுவரை யாரும் துப்பவில்லை. ஆனால் இட்லி அண்ணாச்சியின் தோளில் ஆணி அடித்துத் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள். உடன் வேலை செய்த பையனுக்குக் கோபம். எனக்கு இல்லை. சுவர் அவர்களுடையதென்றால் கொடியும் அவர்களுடையதுதானே.

இந்த வேறுபாட்டை இந்த நகரத்திலேயே பார்க்கலாம். 2017 இறுதியில் காட்கோபர் அருகே அசல்பா குன்றின் குடிசைச் சுவர்களுக்குத் தன்னார்வலர்கள் வண்ணம் பூசினார்கள். மெட்ரோ ரயிலில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியாக அழகான காட்சி. தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் அது ரயிலில் போகிறவனின் கண்ணுக்கான படம். அதே ஆண்டு சசூன் டாக் மீன் துறையில் நடந்த கலை விழாவில், அங்கேயே உழைக்கும் கோலி மக்களின் முகங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார்கள். மீன் கூடையோடு நடப்பவள் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது தன் முகம், அல்லது தன் அத்தையின் முகம். நமக்கு எது வேண்டும்?

மூன்றாவது சுவரில் எழுத்துப் பிரச்சினை வந்தது. படத்தோடு தமிழில் நாலு வார்த்தை எழுதலாமா? இளைஞர்கள் எழுதுவோம் என்றார்கள். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். 1960களின் கடைசியில் தென்னிந்தியருக்கு எதிராக இங்கே எழுந்த கூச்சலைக் காதால் கேட்டவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை எளிதாக நினைக்க வேண்டாம். வெளியூரில் நம் அடையாளத்தைப் பொது இடத்தில் நிறுத்துவது சாதாரணக் காரியமல்ல: பெங்களூர் அல்சூரில் 1991ல் திறக்கவிருந்த வள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது, அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு சிலை மூடியே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரனோடு பேசி முடிக்காத சித்திரத்துக்கு அந்தக் கதிதான்.

ஆகவே பேசினோம். அந்தச் சந்தின் மராத்தி அம்மா ஒருவர் வார்லி ஓவியம் வேண்டும் என்றார். செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவைக் கரைத்து வெள்ளைக் கோடுகளாக வரைவது. வார்லி மக்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்கள் எழுதுவது. நம் ஆச்சிமார் கோலம் போடுவதும் அதே அரிசி மாவில்தான். காவி வண்ணப் பின்னணியில் ஒரு பக்கம் வார்லி ஆட்டக்காரர்கள், மறு பக்கம் சிக்குக் கோலம். நடுவில் கோலத்தின் கம்பி ஒன்று நீண்டு ஆட்டக்காரர்களின் வட்டமாகிறது. அந்த இடத்தை நான் வரையவில்லை. இரண்டு பெண்கள் சுவரெதிரே நின்று, மொழி புரியாமல் கையாலேயே சண்டை போட்டுத் தீர்த்தார்கள். கடைசியில் சந்தின் பெயரை மராத்தியில் பெரிதாகவும் தமிழில் அதன் கீழும் எழுதினேன். 2023 செப்டம்பரில், மும்பைக் கடைகள் இரண்டு மாதத்துக்குள் மராத்திப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது நிறையப் பலகைகள் எழுதிப் பழகிய கை. தேவநாகரி தமிழைவிட வேகமாகவே வரும். யாரும் எதுவும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் மராத்தியைப் படித்துவிட்டு, கீழே இருப்பது அதேதான் என்று ஊகித்துத் தமிழைப் படித்தார்கள். அது எனக்கு வருத்தம்தான், ஆனால் அப்படியாவது எழுத்துக் கூட்டுகிறார்களே.

தொழில் விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் அங்கேதான் போக வேண்டும். மும்பைச் சுவருக்கு எதிரி மழை. பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலை அடைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே வர்ணம். உள்ளே ஈரம் ஊறுகிற சுவரில் என்ன பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்துத் தோல் உரிந்தாற்போல் வரும். பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்; காவியும் மஞ்சள் ஆக்சைடும் நிற்கும். செலவுக் கணக்கில் இந்தச் சுவர் வேலையைக் குறைத்துவிட்டு விழாவைக் கூட்டுகிறோம். இன்னொன்று, சாரத்தில் ஏறி வெயிலில் நிற்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் “சேவை” என்று சொல்லி வெறும் வடாபாவோடு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. ஞாயிறு வேலையை விட்டு வருகிறவர்களுக்கு அந்த நாள் சம்பளம் இழப்பு. ஒரு விழாவின் பொன்னாடைக் காசில் இரண்டு பேருக்கு ஒரு வாரக் கூலி கொடுக்கலாம். பொன்னாடை போர்த்தி வாங்கியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

நான்காவது சுவர் தாராவியின் உட்பகுதியில். அங்கே கேள்வியே வேறு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை 2023ல் மகாராஷ்டிர அரசு அதானி குழுமத்துக்குக் கொடுத்ததும், 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதும் நீங்கள் அறிந்ததே. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்களுக்கு வேறிடம் என்பது அறிவிப்பு. மாடியில் வாடகைக்கு இருக்கிற குடும்பம் கீழ்வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அப்படிப்பட்ட சந்தில் நான் பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் வந்து நின்றார். “ஏய்யா, இடிக்கப் போற சொவத்துக்கு எதுக்குய்யா பெயிண்டு?”

“வாசல்ல நீங்க போடுத கோலமும் சாயங்காலம் அழிஞ்சுதானே போகுது ஆச்சி” என்றேன்.

“கோலம் மறுநாளும் போடுவேம்லா. அதே வாசல் இருக்கும்.”

பதில் இல்லை எனக்கு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “சரி, எழுதத்தான் போறேன்னா எங்க வீட்டு நம்பரையும் எழுதிரு” என்றார். அது அத்தாட்சியாகாது, ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்தான் செல்லும் என்று எடுத்துச் சொன்னேன். “எனக்குத் தெரியாதா? நீ எழுது” என்றார். அன்று மாலைக்குள் சந்து முழுதும் வந்து நம்பர் கொடுத்தது. மாடிக்காரர்களும் கொடுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அந்தச் சுவரில் படம் குறைவு. கதவுகளும் அவற்றின் மேல் எண்களும்தான் நிறைய. எல்லாக் கதவும் ஒரே அளவு.

செயற்குழுவில் நண்பர் ஒருவர், “இதையெல்லாம் வரைந்தால் நம் பண்பாடு எங்கே தெரியும்?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் கோபுரத்தை மதுரையில் போய்ப் பார்க்கலாம். அது அங்கேயே இருக்கும். குழாயடியும் இட்லி சைக்கிளும் டிரங்குப் பெட்டிப் பையனும் நம்மைத் தவிர வேறு யார் சுவரில் வரப் போகிறார்கள்? இங்கே மூன்று தலைமுறையாக வாழ்ந்ததை வெட்கப்பட்டு மறைத்துவிட்டு, லீவில் இரண்டு நாள் பார்த்த ஊரை வரைந்து வைத்தால் நம் பேரப்பிள்ளைகள் எதை நம்முடையது என்று நினைப்பார்கள்? வள்ளுவர் வேண்டும் என்று அந்தச் சந்துக்காரர்களே சொன்னால், முதல் கோடு நான் போடுகிறேன்.

மழை முடிந்து சுவர் காய அக்டோபர் ஆகிவிடும். அதற்குள் கேட்கும் வேலையைத் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் பழைய புகைப்படம் ஏதேனும் இருந்தால் (மும்பை வந்த புதிதில் எடுத்தது, கடை வாசலில் நின்றது, சந்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது) சங்கத்து அலுவலகத்தில் பெயரெழுதிக் கொடுங்கள். பார்த்து வரைந்துகொண்டு, கறை படாமல் திருப்பித் தந்துவிடுகிறேன்.