முன் கண்ணாடியில் பனி: தேய்ப்பதா, தடுப்பதா?

சம்பா அறுவடையும் மார்கழி, தை மாதப் பனியும் கூடவே வருகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவதும், கீரைக் கட்டு, கத்தரி மூட்டைகளைக் கோயம்பேட்டுக்கு அனுப்புவதும் பொழுது புலரும் முன்பே தொடங்கிவிடுகிற வேலைகள். டிராக்டரோ பழைய திறந்த ஜீப்போ, வண்டிப் பாதையிலிருந்து ஏறியதும் போய்ச் சேருவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் அகலச் சாலைகளில்தான். அந்த நேரத்தில் அங்கே கார் ஏற்றிய நீண்ட லாரிகளும், கன்டெய்னர்களும், ஷிப்டு ஆட்களை ஏற்றிய கம்பெனி பஸ்களும் விரைந்துகொண்டிருக்கும். இவற்றுக்கு நடுவே முன் கண்ணாடி மங்கிய ஒரு விவசாயியின் வண்டி போகிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஜீப் ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையில் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க மூன்று வினாடி ஆனால், 33 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

இதற்கு ஊருக்கு ஊர் கைவைத்தியம் உண்டு. நனைத்த புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பது லாரி டிரைவர்களின் பழைய வழக்கம். உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்ப்பாரும் உண்டு. சோப்பு, ஷாம்பு தடவுவது இப்போதைய பழக்கம். இவை வேலை செய்யாதவை அல்ல. கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாவதால், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே ஏடாகப் பரவுகிறது, பார்வை தெரிகிறது. ஆனால் வெளிப்புறத்தில் வைப்பர் நாலு தடவை ஓடினால் படலம் போய்விடும். உட்புறத்தில் மட்டும் சோப்பை மிக மெல்லியதாகத் தடவி, உலர்ந்த துணியால் மெருகேற்றி விட்டால் சற்று நேரம் தாங்கும். அதில் தவறில்லை.

தவறு டீசல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவுவதில்தான் இருக்கிறது. பகலில் பார்த்தால் மழைத்துளி நிற்காமல் ஓடுவதுபோல் தோன்றும். இரவில் எதிரே ஒரு லாரியின் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். சாலையும் தெரியாது, ஓரமாகப் போகிற சைக்கிளும் தெரியாது. எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டி, வைப்பர் ரப்பரையும் கெடுத்துவிடும்.

தேய்க்கிற வைத்தியத்தை விடப் பனி எப்படிப் படிகிறது என்று பார்ப்பது பயன் தரும். பனிக்காலத்தில் மரத்தடிப் புல் நனையாமல் இருக்க, திறந்த வெளியில் இருக்கிற புல் சொட்டச் சொட்ட நனைந்திருப்பதை அறியாத விவசாயி இல்லை. தெளிந்த இரவில் வானத்தை நோக்கியிருக்கிற பொருள் தன் சூட்டை விரைவாக இழந்து, சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. களத்து மேட்டில் நிறுத்திய ஜீப்பின் கண்ணாடிக்கும் இதே கதிதான். மூடிய காரில் இரவுப் பனி பெரும்பாலும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும். மேற்கூரை இல்லாத வண்டியில் உள்ளும் புறமும் படிகிறது. வைப்பர் துடைப்பதோ வெளிப்புறத்தை மட்டும்தான். இதை உணராமல், "வைப்பர் புதிதாகப் போட்டும் தெரியவில்லையே" என்று மெக்கானிக்கைக் குறை சொல்வதில் பொருளில்லை.

ஆகவே முதல் மாற்றத்தை வண்டியில் செய்ய வேண்டியதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் செய்யலாம். கொட்டகையிலோ, புளிய மரத்தடியிலோ நிறுத்தினால் பாதிப் பனி படியாது. அதற்கு வழியில்லாதவர்கள், இரண்டு யூரியா சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, கண்ணாடிச் சட்டத்தின் இரு பக்கமும் தொங்கும்படி இரவில் போர்த்திக் கட்டலாம். சாக்கில் உர உப்பு ஒட்டியிருந்தால் இரும்பை அரிக்கும். நன்றாக அலசிக் காயவைத்த சாக்காக இருக்கட்டும். காலையில் சாக்கை உருவி எடுத்ததும் கிளம்பிவிடலாம்.

ஓடும்போது படிகிற ஈரம் வேறு வகை. அடைமழையில் படுதாவை இறக்கிக் கட்டிக்கொண்டு, நனைந்த வேட்டியோடு நாலு பேர் உட்கார்ந்தால் மூச்சும் ஈரமும் சேர்ந்து உட்புறக் கண்ணாடியை மங்கச் செய்யும். இதற்கு மருந்து காற்றோட்டம். சில பழைய ஜீப்புகளில் கண்ணாடிக்குக் கீழே திறந்து மூடும் ஒரு சிறு காற்று வாசல் இருந்தது. வண்டியை விற்று வாங்கிய கைகளில் பலர் அதைப் பற்று வைத்து அடைத்துவிட்டார்கள். அதைத் திறந்து, கீல் போட்டு, பூச்சி நுழையாமல் வலை அடித்தாலே பெரும் பயன். சூடான காற்று வேண்டுமானால் ரேடியேட்டருக்குப் பின்னே வருகிற காற்றைத் தகடு வளைத்தோ குழாய் வைத்தோ கண்ணாடியின் அடிக்குக் கொண்டுவரலாம். ஆனால் சைலன்சர் பக்கத்திலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு, படுதா கட்டிய வண்டிக்குள் ஆளையே சாய்த்துவிடும்.

வைப்பரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1903இல் அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற வைப்பர், உள்ளேயிருந்து கையால் தள்ளும் நெம்புகோல்தான். ராணுவ ஜீப்புகளிலும் முதலில் கை வைப்பர்களே இருந்தன. பிறகு வந்த பல பெட்ரோல் வண்டிகளில் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுவையால் வைப்பர் ஓடியது. மேட்டில் ஏற ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த இழுவை குறைந்து, வேண்டிய நேரத்தில் வைப்பர் படுத்துக்கொள்ளும். சிக்கனத்துக்காகப் பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் மாற்றியவர்களுக்கு இன்னொரு சங்கடம். சாதாரண டீசல் எஞ்சினில் அந்த இழுவையே கிடைப்பதில்லை. இத்தகைய வண்டிகளில் 12 வோல்ட் மின்சார வைப்பர் மோட்டார் பொருத்துவதுதான் சரியான மாற்றம். பழைய உதிரிபாகக் கடைகளில் மோட்டார் கிடைக்கும். தனி ஃப்யூஸ் வைக்காமல் பாட்டரியிலிருந்து நேரே ஒயரை இழுத்துக் கட்டுகிற பழக்கத்தை மட்டும் விட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் வைக்கோல் தூசும் உள்ள வண்டியில் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

கல் அரவை ஆலைகளும் ஜல்லி லாரிகளும் உள்ள வட்டாரம் இது. அந்தத் தூசி கண்ணாடியைக் கீறக்கூடியது. உலர்ந்த தூசியின்மேல் வைப்பரைப் போடுவது, கண்ணாடியை உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் சிறு பம்பும் வைத்து நீர் பீய்ச்சும் அமைப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதில் ஊற்றுவது மழைநீராக இருந்தால் நல்லது. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் துவாரத்தை அடைத்து, கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகளையும் விட்டுச் செல்லும். எலுமிச்சைச் சாறு தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவினால் அந்தத் திட்டு போகும். கண்ணாடியைத் துடைக்கப் பழைய செய்தித்தாளை ஈரமாக்கித் தேய்ப்பது சிறந்தது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த பின் அதற்கும் பயன்படுத்தலாம்!

திறந்த வண்டியில் உட்புறத் தூசி எங்கிருந்து வருகிறது? பலரும் முன்னாலிருந்து என்று நினைக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக்குப் பின்னே காற்று சுழல்கிறது. அந்தச் சுழல் பின்பக்கத்துத் தூசியையும் புகையையும் முன்னே இழுத்து வருகிறது. பின்பக்கப் படுதாவை இறக்கிக் கட்டினால் இது வெகுவாகக் குறையும்.

டிராக்டருக்கு வருவோம். நம் நாட்டில் பெரும்பாலான டிராக்டர்கள் கண்ணாடி இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. கூரையை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டுகிறார்கள். மழைக்காலத்தில் அதன் முன்னே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிடுவது எங்கும் காண்கிற வழக்கம். செலவு குறைவுதான். ஆனால் அந்தத் தாள் ஒரு பருவத்தில் மஞ்சளித்து, கீறல் விழுந்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிடும். வைப்பரும் அதன்மேல் ஓடாது. வயலில் உழும்போது அதனால் பெரிய கேடில்லை. இருட்டில் அகலச் சாலையில் ஏறும்போது அதைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு நனைந்துகொண்டே ஓட்டுவது எவ்வளவோ மேல். ஜன்னல் கண்ணாடியை வெட்டி மாட்டுகிறவர்கள் இன்னும் பெரிய ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். உடைந்தால் அது கத்தி. முன்புறத்துக்கு ஏற்றது இரண்டு ஏட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடிதான். உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முன் கண்ணாடி 70 சதவீதத்துக்குக் குறையாமல் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. நிழலுக்காகக் கறுப்புத் தாள் ஒட்டுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

காற்றிலேயே அடர்ந்து நிற்கும் மூடுபனிக்கு மேற்சொன்ன எதுவும் பயன்படாது. 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களையே திருப்பிவிட நேர்ந்தது. கண்ணாடியில் விரலை இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். விரல் போன இடம் தெளிந்தால் குறை கண்ணாடியில். தெளியாவிட்டால் வண்டியை ஓரங்கட்டி வெயில் ஏறும்வரை காத்திருப்பதே வழி. நெல் அரை நாள் காத்திருக்கும். கீரைக்காரர்தான் பாவம், அவருக்கு விலை போய்விடும். அவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த வட்டாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998இலிருந்து கார் உற்பத்தியாகிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி தயாரிக்கிறது. ஒரகடத்தில் 2012இல் டைம்லர் லாரி ஆலை திறக்கப்பட்டது. வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசு மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. உலகத்துக்கு வண்டி செய்து அனுப்பும் இந்த மண்ணில், ஆலை மதிலுக்கு அடுத்த வயல்காரர் டிராக்டரில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு போகிறார். அவர் பெரிய உதவி எதுவும் கேட்கவில்லை. டிராக்டர் கூரைக்கு ஏற்ற ஒட்டுக் கண்ணாடி, ஒற்றை வைப்பர், ஃப்யூஸுடன் கூடிய ஒயர் ஆகிய மூன்றுக்கும் ஓர் எளிய அளவுப்படத்தை வேளாண்மைப் பொறியியல் துறை வரைந்து கொடுத்தால் உள்ளூர்ப் பட்டறைகளே செய்துவிடும். அரசுத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கும் அது நல்ல செய்முறைப் பாடமாக அமையும்.

இதற்கு ஏற்ற காலம் ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் எல்லா வண்டிகளும் கழுவப்பட்டு ஓரிடத்தில் நிற்கிற நாள் அது. சித்திரை, வைகாசி வெயிலில் வெடித்துப்போன வைப்பர் ரப்பரை அன்றே மாற்றிவிடலாம். சந்தனம், குங்குமத்தை டிரைவர் பார்வை படும் கண்ணாடியில் வைக்காமல் பானெட்டில் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.