உப்புத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் போதுமா?

திருச்சுழி, வீரசோழன் பக்கம் தண்ணீருக்கு ரெண்டு பேர்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. அருப்புக்கோட்டைக்குத் தாமிரபரணி குழாயில் வருகிறது. ஆற்றுத் தண்ணி எட்டாத இடத்தில் போர் தண்ணிதான். சோப்பு நுரைக்காது, பருப்பு லேசில் வேகாது. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் காரணம்.

கொதிக்க வைத்தால் சரியாகிடுமா? பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் வெள்ளையாகப் பாத்திரத்தில் படிந்துவிடும். சல்பேட், குளோரைடால் வருவது அப்படியே இருக்கும்.

ஐஎஸ் 10500 தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600. வறண்ட ஊர்களில் இந்தச் சலுகையே வழக்கமாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

உண்மையில் கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை. கவலைப்பட வேண்டியது நைட்ரேட்டுக்கு. அதன் வரம்பு 45 மில்லிகிராம். அதில் சலுகையே கிடையாது. உரம், சாக்கடை வழியாகக் கிணற்றில் இறங்கும் இது, கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஓட்டத்தைக் கெடுக்கும். கொதிக்க வைத்தால் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆன்லைனில் வாங்கும் டிடிஎஸ் மீட்டரும் இதைத் தனியாகக் காட்டாது. போர் தண்ணியில் புட்டிப்பால் கலக்கும் வீடு என்றால், முதலில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, நைட்ரேட் எவ்வளவு என்று கேளுங்கள்.