எடைக்கு விற்கப்படும் நொதி

மாட்டின் குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்திப் புரதத்தை விளைவிப்பது இன்று அரிய செயலன்று. விளைந்தது இயங்குகிறதா என்பதே கேள்வி. மறுசேர்க்கை நொதிகளின் விற்பனைப் பட்டியல்கள் பலவற்றில் மைக்ரோகிராம் எடை உண்டு. எஸ்டிஎஸ் ஜெல்லில் கண்ட தூய்மை விழுக்காடு உண்டு. செயல்திறன் அலகு மட்டும் இல்லை. எஸ்டிஎஸ் புரதத்தின் மடிப்பையே குலைக்கும் சவர்க்காரம். ஆறு துணையலகுகள் கூடி இயங்கும் நொதியும், கூடாது கிடக்கும் வெறும் சங்கிலியும் அதில் ஒரே பட்டையாகவே தெரியும். பிணத்தை நிறுத்து உயிருண்டெனச் சான்றளிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இத்தனைக்கும் சோதனை எளிது. 340 நானோமீட்டரில் என்ஏடிஎச்சின் ஒளி உறிஞ்சலைச் சில நிமிடம் நோக்கினால் போதும். ஜிடிபி தடுக்கிறதா, ஏடிபி தூண்டுகிறதா என்பதையும் கண்டுவிடலாம்; மாட்டு நொதியை நாடுவதே பெரும்பாலும் அந்த ஒழுங்குமுறைக்காகத்தானே!

கொள்முதல் குழுக்களோ மிகக் குறைந்த விலைப்புள்ளியைத் தேடுகின்றன. மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் ஒப்பிட்டுக் கோப்பு மூடப்படுகிறது. பொதுப்பணத்தில் வாங்கிய குப்பியில் வினை நிகழாதபோது பழி ஆய்வு மாணவரின் கைத்திறன்மீது விழுகிறது. மாதங்கள் கரைகின்றன, உதவித்தொகைக் காலமும் கரைகிறது. கொள்முதல் ஆணையில் ‘மில்லிகிராமுக்கு இத்தனை அலகு’ என்றொரு வரி சேர்க்க எந்த அரசாணையும் வேண்டியதில்லை.