வாடகைக் கணினியும் வானிலைக் கணக்கும்

கணினியைச் சொந்தமாக வாங்குவதைவிட, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்ற எண்ணம் பரவலாகிவிட்டது. அலுவலகப் பணிகளுக்கு அது பொருந்தலாம். வானிலைக் கணிப்பு போன்ற பெருங்கணக்கீடுகளுக்கும் பொருந்துமா என்பதே கேள்வி.

மேகக் கணினி நிறுவனங்கள் ஒரே இயந்திரத்தை மென்பொருளின் துணையுடன் பல 'மெய்நிகர் கணினி'களாகப் பிரித்து வாடகைக்கு விடுகின்றன. இன்றைய செயலி ஒன்றில் பல கோர்கள் உள்ளன. ஒவ்வொரு கோரும் தனக்கு அருகிலுள்ள நினைவகத்தை விரைவாகவும், தொலைவிலுள்ளதை மெதுவாகவும் எட்டும். மெய்நிகர் அடுக்கு இந்த அமைப்பை மறைத்துவிட்டால், அருகில் உள்ளது எது, தொலைவில் உள்ளது எது என்று நிரலுக்குத் தெரியாது.

வானிலைக் கணக்கில் நிலப்பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் அண்டைக் கட்டத்தின் விடை வந்தாக வேண்டும். ஒரு கோர் தாமதித்தால் மற்றவை அனைத்தும் காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்துக்கும் வாடகை உண்டு.

இதை அமெரிக்க எரிசக்தித் துறை அளந்தே பார்த்தது. அதன் 'மெகெல்லன்' திட்டம் 2011 இறுதியில் வெளியிட்ட அறிக்கை, ஒன்றையொன்று சாராத சிறு கணக்குகளுக்கு மேகக் கணினி ஏற்றது என்றும், இடைவிடாது தகவல் பரிமாறும் கணக்குகளில் வேகம் வெகுவாகக் குறைகிறது என்றும் கூறியது. துறையின் சொந்த மையங்களைவிட வணிகச் சேவைகளுக்குப் பொதுவாக 3 முதல் 7 மடங்கு கூடுதல் செலவாகும் என்றும் அது கணித்தது.

அதன்பின் தொழில்நுட்பம் முன்னேறியுள்ளது என்பதை மறுக்க இயலாது. 2023 நவம்பரில் வெளியான உலக மீக்கணினிப் பட்டியலில் மைக்ரோசாஃப்டின் 'ஈகிள்' மூன்றாமிடம் பெற்றது. எனினும், சாதாரண வாடகைதாரருக்குக் கிடைப்பது அந்த வேகமன்று. பிரிட்டன் வானிலைத் துறை 2025-இல் மைக்ரோசாஃப்ட் சேவைக்கு மாறியபோதும், தனக்கென ஒதுக்கப்பட்ட மீக்கணினியையே பெற்றது.

இந்தியா 2015-இல் ரூ.4,500 கோடியில் தேசிய மீக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2024-இல் வானிலை ஆய்வுக்காக 'அர்கா', 'அருணிகா' ஆகிய மீக்கணினிகள் ரூ.850 கோடியில் நிறுவப்பட்டன. இவை வீண்செலவல்ல. அதேவேளையில், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மீக்கணினி வாங்க வேண்டியதும் இல்லை. தனித்தனியே நடத்தக்கூடிய ஆய்வுகளுக்கு வாடகையே போதும்.

எனவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், தங்கள் சொந்த நிரலை உண்மையான அளவில் இயக்கி அளந்து பார்ப்பதை ஆய்வு நிறுவனங்கள் கட்டாயமாக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு வாடகை என்பதைவிட, ஒரு விடைக்கு எவ்வளவு செலவு என்பதே சரியான கணக்கு. கரையைக் கடந்த பிறகு கிடைக்கும் புயல் கணிப்பு, எவ்வளவு மலிவானதாயினும் பயனற்றது.